காமிக் கான்ல போட்டோ எடுக்கறது: கேக்கணுமா, எந்த லென்ஸ், எங்க நிக்கறது

நவம்பர் 9 (வந்த கேள்வி)

ஜனவரில பெங்களூர் காமிக் கான் (காமிக்ஸ், அனிமே ரசிகர்கள் கூடற விழா) போறேன், முதல் தடவை. கோஸ்ப்ளே பண்றவங்கள, அதாவது பிடிச்ச கேரக்டர் மாதிரி வேஷம் போட்டு வர்றவங்கள எடுக்கறதுக்குன்னே போறேன். 70-200 ஜூம் லென்ஸ் வாடகைக்கு எடுத்துட்டு தூரத்துல இருந்தே சுட்டுடலாம்னு ப்ளான். ஒவ்வொருத்தர் கிட்டயும் போய் எடுக்கலாமா எடுக்கலாமான்னு கேட்டுட்டு இருந்தா நாள் ஓடிடும். அதுவும் இல்லாம அவ்ளோ மேக்கப் போட்டு பொது இடத்துல வந்து நிக்கறாங்கன்னாலே எடுத்துக்கோன்னு தானே அர்த்தம்? சரியா தப்பா? லென்ஸ் பத்தியும் சொல்லுங்க.

நவம்பர் 9, இரவு

லென்ஸ் முதல்ல, ஏன்னா அது ஈஸி. 70-200 வேணாம் தம்பி. கான் நடக்கற வொயிட்ஃபீல்ட் கேடிபிஓ ஹால்ல சனிக்கிழமை மத்தியானம் நின்னு பாத்தவங்களுக்கு தெரியும், உங்களுக்கும் நீங்க எடுக்கற ஆளுக்கும் நடுவுல ரெண்டு மீட்டர் காலி இடம் கிடைச்சாலே பெரிய விஷயம், அஞ்சு மீட்டர் தள்ளி நின்னீங்கன்னா ஃப்ரேம்ல பாதி யாரோ ஒருத்தரோட பேக்பேக்கும் கோல்ட் காபி டம்ளரும் தான் இருக்கும். 35 இல்லன்னா 50 மிமீ லென்ஸ், எஃப் 1.8, போதும். க்ராப் சென்சார் (சின்ன சென்சார்) இருக்கற கேமரா பாடின்னா 35 தான், அதுல 50 போட்டா முழு உருவம் எடுக்க பின்னாடி போய் போய் கடைசில ஏதாவது ஒரு ஸ்டால் மேல தான் முட்டுவீங்க.

ஃப்ளாஷ் இருந்தா எடுத்துட்டு போங்க, ஆனா கல்யாண மண்டபத்துல பண்ற மாதிரி மேல திருப்பி சீலிங்ல அடிக்க முடியாது, கூரை எங்கயோ இருக்கு, கருப்பா கம்பி கம்பியா, வெளிச்சம் மேல போனா போனது தான். வெளிச்சத்த மென்மையாக்கற சின்ன சாஃப்ட்பாக்ஸ் மாட்டி கேமராவ விட்டு தள்ளி ஒரு ஃப்ரெண்டு கைல குடுத்துடுங்க. ஃப்ரெண்டு இல்லன்னா இடது கைல நீங்களே தூக்கிப் பிடிங்க, சாயங்காலம் தோள்பட்டை சொல்லும்.

கேக்கணுமாங்கறத நாளைக்கு எழுதறேன், தூக்கம் வருது.

நவம்பர் 10

சரி. "வேஷம் போட்டு வந்தாலே எடுத்துக்கோன்னு அர்த்தம்". இதுல பாதி உண்மை இருக்கு, அதனால தான் பேச வேண்டியிருக்கு. யாரும் எடுக்கக் கூடாதுன்னு நினைச்சு மூணு மாசம் ஃபோம் வெட்டி ஒட்டிட்டு வர்றதில்ல, எடுக்கறது அவங்களுக்கும் பிடிக்கும், யாரும் எடுக்கலன்னா தான் வருத்தப்படுவாங்க. ஆனா எப்ப, எப்படிங்கறது அவங்க கைல இருக்கணும். 2014ல நியூயார்க் காமிக் கான்ல இதுக்குன்னே பெரிய பெரிய போர்டு வச்சாங்க, வேஷம் போட்டிருக்கறது சம்மதம் ஆகாது, தொடறதுக்கும் எடுக்கறதுக்கும் கேளுங்கன்னு. போர்டு வைக்கற அளவுக்கு போயிருக்குன்னா அதுக்கு முன்னாடி என்னென்ன நடந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

ஒழுக்கம் கிழுக்கம் எல்லாம் ஓரமா வச்சுடுங்க, வெறும் படத்துக்காகவே சொல்றேன். கேக்காம எடுத்த படத்துல இருக்கறது களைச்சுப் போன ஒரு ஆள், விக் கொஞ்சம் வழிஞ்சிருக்கும், ஒரு கைல ஃபோன், தோள் தொங்கியிருக்கும், வாய்ல பஃப்ஸ். கேட்டுப் பாருங்க. அந்த ஒரு செகண்ட்ல முதுகு நிமிரும், முகம் மாறும், கழுத்து வேற கோணத்துல திரும்பும், கண்ணுல அந்த கேரக்டர் வந்து உக்காரும். நான் இதுக்காகத் தான் போறேன். கேக்காம எடுத்தா இந்த மாற்றம் நடக்கவே நடக்காது.

கேக்கறதும் பெரிய விஷயம் இல்ல. கேமராவ லேசா தூக்கிக் காட்டி புருவத்த உயர்த்தினாலே புரிஞ்சுக்குவாங்க. அஞ்சு செகண்ட். நாள் எல்லாம் ஓடாது.

போன தடவை ஓசூர்ல இருந்து வந்த ஒரு காலேஜ் பொண்ணு, உடம்பு முழுக்க கவசம், ஆறடிக்கு வாள். கேட்டேன். "எடுங்கண்ணா, ஆனா இடது பக்கம் வேணாம், முழங்கை கிட்ட பெயிண்ட் உரிஞ்சிடுச்சு"ன்னு சொல்லிச்சு. பாத்தா வெள்ளி பெயிண்ட் மடிப்புல வெடிச்சு உள்ள இருக்கற நீல கலர் ஃபோம் தெரியுது. குழந்தைங்க விளையாட தரைல போடுவாங்களே கட்டம் கட்டமா கோத்துக்கற மேட், அது. கவசத்துக்கு உள்பக்கம் அந்த மேட்டோட வரி வரியான அச்சு அப்படியே இருந்துச்சு, ஃபெவிகால் எஸ்ஆர் வாசனை கூட இன்னும் போகல. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒட்டிட்டு இருந்தேன்னு சொல்லிச்சு. நான் கேக்காம தூரத்துல இருந்து எடுத்திருந்தா இடது பக்கம் தான் எடுத்திருப்பேன், ஏன்னா லைட் அந்தப் பக்கம் தான் நல்லா இருந்துச்சு. அத நெட்ல போட்டிருந்தா அந்தப் பொண்ணு முதல்ல பாத்திருக்கறது அந்த வெடிப்பத் தான். வலது பக்கம் எடுத்துட்டு, அப்புறம் அந்தப் பொண்ணுகிட்டயே சொல்லி உள்பக்கத்தையும் ஒண்ணு எடுத்தேன், எப்படி செஞ்சதுன்னு காட்டறதுக்கு. அது தான் அந்த நாளோட நல்ல படம்.

நவம்பர் 10, கொஞ்சம் கழிச்சு

ஒருத்தர் தனியா மெசேஜ்ல கேட்டார், அப்ப 70-200க்கு எங்கயுமே வேலை இல்லையான்னு. இருக்கு. மேடை. கோஸ்ப்ளே போட்டி நடக்கறப்ப ஸ்டேஜ்ல இருந்து தள்ளி தான் நிக்க முடியும், அங்க அது இல்லன்னா ஒண்ணும் கிடைக்காது. ஆனா மேடை ஒரு மணி நேர சமாச்சாரம், அதுக்காக நாள் பூரா ஒன்றரை கிலோவ கழுத்துல மாட்டிட்டு திரியணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. மேடைல நிக்கறவங்கள கேக்க வேண்டியதில்ல, அவங்க அதுக்குத் தான் ஏறியிருக்காங்க.

நவம்பர் 13

வாடகை லென்ஸ் பத்தி ரெண்டு பேர் சண்டை போட்டுட்டு இருக்கீங்க, அத விடுங்க, அத விட முக்கியமான ஒண்ணு யாருமே கேக்கல. படத்துல குறுக்க குறுக்க கோடு விழறது. ஹால் லைட், ஸ்டால்ல இருக்கற எல்இடி, பின்னாடி இருக்கற பெரிய ஸ்க்ரீன், எல்லாம் துடிச்சுட்டே இருக்கும், கண்ணுக்கு தெரியாது, சென்சாருக்கு தெரியும். நம்ம ஊர் கரெண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால லைட் செகண்டுக்கு 100 தடவை ஏறி இறங்கும், ஷட்டர் 1/100 இல்ல 1/50ல வச்சா பெரும்பாலும் கோடு வராது. சைலண்ட் ஷட்டர் போடாதீங்க, அது எலக்ட்ரானிக் ஷட்டர், அதுல தான் இந்த கோடு ரொம்ப மோசமா வரும். ஆன்ட்டி ஃப்ளிக்கர் ஆப்ஷன் இருந்தா ஆன் பண்ணிடுங்க. ஸ்க்ரீனுக்கு முன்னாடி மட்டும் எதுவும் வேலை செய்யாது, ஆள கொஞ்சம் நகத்தி நிக்க வைங்க.

ஜப்பான் போறவங்களுக்கு இதுல ஒரு வேடிக்கை. டோக்கியோ 50 ஹெர்ட்ஸ், நகோயா 60 ஹெர்ட்ஸ். ஒரே நாடு. 1890கள்ல டோக்கியோக்காரங்க ஜெனரேட்டர ஜெர்மனில இருந்து வாங்கினாங்க, ஒசாகாக்காரங்க அமெரிக்கால இருந்து, அன்னைல இருந்து இன்னி வரைக்கும் கிழக்கும் மேற்கும் வேற வேற தான். டோக்கியோல நடக்கற காமிக்கெட் சந்தைல செட் பண்ணின 1/100அ அப்படியே உலக கோஸ்ப்ளே மாநாட்டுக்கு நகோயா எடுத்துட்டு போனீங்கன்னா கோடு விழும், அங்க 1/60 இல்லன்னா 1/125. புல்லட் ட்ரெயின்ல ஒன்றரை மணி நேரத்துல மாறிடுது.

ஐஎஸ்ஓவ (சென்சார் வெளிச்சத்த எவ்ளோ ஏத்திக் காட்டுதுங்கற செட்டிங்) பத்தி பயப்படாதீங்க, 3200 எல்லாம் இப்ப ஒண்ணுமே இல்ல. ரா (RAW) ஃபைலா எடுங்க. ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் பச்சை, மேல ஊதான்னு மூணு லைட் சேந்து மூஞ்சில விழும், ஜேபெக்ல அத சரி பண்ணவே முடியாது.

நவம்பர் 17

பயணம் பத்தி.

சென்னைல இருந்து பெங்களூர் கானுக்கு ட்ரெயின்ல போறவங்க கிருஷ்ணராஜபுரத்துல இறங்கிடுங்க, பிருந்தாவன் நிக்கும். ஊருக்குள்ள போய்ட்டு திரும்ப வொயிட்ஃபீல்டுக்கு வர்றது வேண்டாத வேலை. 2023 மார்ச்ல மெட்ரோ பர்பிள் லைன்ல கிருஷ்ணராஜபுரம் வொயிட்ஃபீல்ட் பகுதி திறந்ததுக்கு அப்புறம் அங்கயே மெட்ரோ பிடிச்சு வொயிட்ஃபீல்ட் பக்கம் போய்டலாம், அதுக்கு முன்னாடி எல்லாம் அந்த ரோட்டுல ஆட்டோல உக்காந்து ரெண்டு மணி நேரம் ஹாரன் சத்தம் தான் கேட்டுட்டு இருப்போம், கான்ல எடுத்தத விட சிக்னல்ல எடுத்த படம் ஜாஸ்தி.

ஃப்ளைட்ல போனா ஸ்பேர் பேட்டரி, ஃப்ளாஷோட லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கைப்பைல தான், செக்கின் பெட்டில போடாதீங்க, போட்டா பேர் சொல்லி கூப்பிடுவாங்க. பவர் பேங்க் 100 வாட் அவருக்கு உள்ள இருந்தா தொந்தரவு இல்ல.

கோஸ்ப்ளே ஃப்ரெண்டோட சேந்து ட்ரெயின்ல போறீங்கன்னா முன்னாடியே சொல்லிடறேன், வாள், கோடரி, துப்பாக்கி ஷேப்ல எது இருந்தாலும் ஸ்டேஷன் ஸ்கேனர்ல நிறுத்துவாங்க. ஃபோம்னு சொன்னா போதாது, வளைச்சுக் காட்டணும். எங்க கூட வந்த பையன் ஒருத்தன் ரெண்டடி கோடரிய வச்சு தன் தலைலயே நாலு தடவை அடிச்சுக் காட்டினான், போலீஸ்காரர் சிரிச்சுட்டு விட்டுட்டார், க்யூல பின்னாடி நின்ன பாட்டி தான் சிரிக்கவே இல்ல. வென்யூல மறுபடியும் ஒரு செக்கிங் உண்டு, மெட்டல்ல செஞ்ச ஆயுதம் எதுவும் உள்ள விட மாட்டாங்க.

போட்டோ எடுக்கறவங்க பைல கேமரா தவிர இருக்க வேண்டியது: ஊக்கு, டபுள் சைட் டேப், ஃபெவிக்விக், ஒரு சின்ன கண்ணாடி, ஸ்ட்ரா. ஸ்ட்ரா ஏன்னா முகமூடி போட்டவங்க தண்ணி குடிக்க. கான்டாக்ட் லென்ஸ் போட்டவங்களுக்கு ஏசில கண்ணு காஞ்சு சிவந்துடும், சொட்டு மருந்து அவங்களே வச்சிருப்பாங்க, உங்க வேலை கண்ணாடிய பிடிச்சுக்கறது. ஊக்கு குடுத்த ஆள யாரும் மறக்க மாட்டாங்க, அடுத்த கான்ல உங்கள தூரத்துல பாத்தாலே கை காட்டுவாங்க.

நவம்பர் 24

காமிக்கெட் போனியே அத எழுதுன்னு கேட்டுட்டே இருக்கீங்க. எழுதறேன், நீளமா போகும்.

முதல்ல ஒண்ண தெளிவு பண்ணிடறேன். அது கோஸ்ப்ளே விழாவே கிடையாது. ரசிகர்கள் தாங்களே வரைஞ்சு அச்சடிச்ச புத்தகங்கள விக்கற சந்தை. 1975 டிசம்பர்ல ஆரம்பிச்சது, முதல் தடவை வந்தது சுமார் 700 பேர், 2019 டிசம்பர்ல நாலு நாள்ல ஏழரை லட்சம். நடத்தறவங்க எல்லாம் வாலண்டியர். வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஆகஸ்ட்ல ஒண்ணு டிசம்பர் கடைசில ஒண்ணு, டோக்கியோ பிக் சைட்டுங்கற தலைகீழ் பிரமிடு கட்டடத்துல. கோஸ்ப்ளே அதுல ஒரு ஓரம். அந்த ஓரமே நம்ம ஊர் கான் முழுசையும் முழுங்கிடும், அது வேற விஷயம்.

டிசம்பர்ல போறது தான் புத்திசாலித்தனம்னு என் அபிப்பிராயம். ஆகஸ்ட்ல அந்த கூட்டத்தோட வேர்வை ஆவி ஹாலுக்கு உள்ளயே மேகம் மாதிரி நின்ன கதை 2013ல வந்துச்சு, கேட்டாலே குமட்டுது. டிசம்பர்ல கடல் காத்து எலும்ப துளைக்கும், விரல் மரத்துப் போய் ஷட்டர் பட்டன் அழுத்தறது தெரியாது, ஆனா வெயில் இருக்கே! உச்சி வேளைலயே சூரியன் தாழ்வா தான் நிக்குது, நம்ம ஊர்ல சாயங்காலம் நாலரைக்கு கிடைக்கற லைட் அங்க பகல் பூரா. மூக்குக்கு கீழ நிழல் இல்ல, கண்ணுக்குழி கருக்கல. நம்ம ஊர்ல மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வெளிய எடுத்தா எல்லாரும் பாண்டா தான். நாலரை மணிக்கு அங்க இருட்டிடும், அத ஞாபகம் வச்சுக்கோங்க.

நடைமுறை என்னன்னா, வேஷத்தோட வீட்டுல இருந்து வரக் கூடாது, போகவும் கூடாது. பணம் கட்டி பதிவு பண்ணி உள்ள இருக்கற ட்ரெஸ்ஸிங் ரூம்ல தான் மாத்தணும். போட்டோ அதுக்குன்னு ஒதுக்கின இடத்துல மட்டும். ஒருத்தர் நின்னார்னா அவருக்கு முன்னாடி லைன் தானா உருவாகும், யாரும் சொல்ல வேணாம், பின்னாடி போய் நின்னுக்கணும். உங்க முறை வந்ததும் ஒரு வணக்கம், "ஷாஷின் ஈ தேஸ்கா"ன்னு ஒரு வார்த்தை, மூணு நாலு க்ளிக், இன்னொரு வணக்கம், நகந்துடணும். உங்க லென்ஸ பாக்கணும்னா "மெசென் குதாசாய்". எனக்கு தெரிஞ்ச ஜப்பானிய மொழி இவ்ளோ தான், நாள் பூரா இத வச்சே ஓட்டினேன்.

ரொம்ப பிரபலமானவங்கன்னா லைன் தாங்காது, சுத்தி வட்டமா நின்னுடுவாங்க. எனாகோ மாதிரி தொழிலாவே பண்றவங்க வந்தா நூத்துக் கணக்குல கேமரா, முன் வரிசை மண்டி போட்டு, ரெண்டாவது வரிசை குனிஞ்சு, கடைசி வரிசை கைய தூக்கி. அவங்க மெதுவா ஒவ்வொரு திசைக்கும் திரும்பி பாத்துட்டே வருவாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு யாராவது ஒருத்தர் முடிச்சுக்கலாம்னு சத்தமா சொல்லி பத்துல இருந்து எண்ண ஆரம்பிப்பார், எல்லாரும் சேந்து எண்ணுவாங்க, பத்து, ஒம்பது, எட்டு... ஒண்ணு முடிஞ்சதும் எல்லா கேமராவும் ஒரே நேரத்துல கீழ இறங்கும், எல்லாரும் தேங்க்ஸ் சொல்லிட்டு கலைஞ்சுடுவாங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு ப்ளீஸ்னு ஒரு குரல் கூட வராது. நான் வாய பொளந்துட்டு நின்னேன். திருச்செந்தூர் பஸ்ல சீட் பிடிச்சு வளந்தவன் நான், எனக்கு இது வேற கிரகம்.

கீழ இருந்து மேல பாத்து எடுக்கறது அங்க சுத்தமா ஆகாது, ஸ்டாஃப் வந்து நிறுத்துவாங்க. 2023 ஜூலைல இருந்து மத்தவங்கள ஒளிஞ்சு ஆபாசமா படம் எடுக்கறத தண்டிக்க தனி சட்டமே அமலுக்கு வந்துடுச்சு.

முடிஞ்சதும் சின்னதா ஒரு கார்டு குடுப்பாங்க, பேரும் ஐடியும் போட்டு. அதுல தான் படத்த அனுப்பணும். அந்த கார்ட முதல்ல ஒரு க்ளிக் எடுத்துட்டு அப்புறம் பைல போட்டா, வீட்டுக்கு வந்து எந்த படம் யாரோடதுன்னு மண்டைய உடைச்சுக்க வேணாம். நம்ம ஊர்ல கார்டு கிடையாது, அவங்க ஃபோன்ல ப்ரொஃபைல திறக்கச் சொல்லி அந்த ஸ்க்ரீன எடுத்துக்கறேன்.

பிக் சைட் வாசல்ல ராட்சத ரம்பம் ஒண்ணு மண்ணுல சொருகி நிக்கும், சிவப்பு கைப்பிடியோட. அது பர்மனென்ட் சிற்பம், யாரோட வேஷத்துக்கும் செஞ்ச ப்ராப் இல்ல.

நவம்பர் 25

நேத்து எழுதினத படிச்சுட்டு "அந்த ஒழுங்கு நம்ம ஊருக்கு வரவே வராது"ன்னு வரிசையா போட்டிருக்கீங்க. எனக்கு அப்படி தோணல. பெங்களூர்ல லைன் இல்லாததுக்கு காரணம் இடம் இல்லாதது. போட்டோவுக்குன்னு தனி இடம் ஒதுக்கல, நடைபாதைல நிறுத்தி எடுக்கறோம், பின்னாடி நூறு பேர் தள்றாங்க, எப்படி லைன் வரும்? கயிறு கட்டி ஒரு மூலைய விட்டுப் பாருங்க.

ஆனா ஜப்பான் முறைல எனக்கு ஒரு குறை உண்டு, அத நேத்து எழுதல. மூணு க்ளிக், வணக்கம், அடுத்தவர். பேச நேரமே இல்ல. ஓசூர் பொண்ணோட கவசத்து உள்பக்கம் மாதிரி ஒரு படம் எனக்கு டோக்கியோல கிடைக்கல. அழகான படங்க நிறைய இருக்கு, எல்லாம் என் பக்கத்துல நின்னவரும் எடுத்த அதே படம்.

நவம்பர் 28

குலசை (குலசேகரப்பட்டினம்) தசராவ இதோட சேக்கலாமான்னு ஒரு அக்கா கேட்டிருக்காங்க. நான் திருச்செந்தூர் பக்கம் தான், சின்ன வயசுல இருந்து பாத்தது. முத்தாரம்மன் கோயிலுக்கு வேண்டிக்கிட்டு காளி, அனுமார், குறவன் குறத்தி, போலீஸ், பிச்சைக்காரர்னு வேஷம் கட்டி, ஊர் ஊரா வீடு வீடா காணிக்கை வாங்கிட்டு வருவாங்க, விஜயதசமி ராத்திரி கடற்கரைல சூரசம்ஹாரம். இப்ப அங்க கேமரா கூட்டம் பயங்கரம்.

வெளிய இருந்து பாக்க ரெண்டும் ஒண்ணு தான், பெயிண்ட், விக், கிரீடம், கூட்டம். ஆனா காளி வேஷம் கட்டினவர் வாரக் கணக்கா விரதம் இருந்து வர்றார். ஜனங்க அவர் கால்ல விழுந்து குறி கேக்கறாங்க. அவர் கிட்ட போய் "கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்கண்ணே, நாக்க நீட்டுங்க"ன்னு போஸ் கேக்கறத நான் கண்ணால பாத்திருக்கேன், வெளியூர் ஆளுங்க. கான்ல கேக்கறது மரியாதை, இங்க போஸ் கேக்கறதே மரியாதைக் குறைவு. நான் அங்க உண்டியல்ல காசு போட்டு, திருநீறு வாங்கிட்டு, அப்புறம் கேமராவ காட்டுவேன். தலைய ஆட்டினா எடுப்பேன். போலீஸ் வேஷம் கட்டினவங்க மட்டும் கூப்பிட்டு கூப்பிட்டு எடுக்கச் சொல்லுவாங்க, அது தனி குஷி.

அதனால அக்கா, சேக்கலாம், ஆனா இதே விதிய அங்க கொண்டு போக முடியாது.

டிசம்பர் 2

இல்ல, எந்த கேரக்டர் அழகா இருக்கும்னு லிஸ்ட் எல்லாம் போட மாட்டேன். ஆள் முக்கியம்.

டிசம்பர் 2, மறுபடியும்

சரி ஒண்ணு சொல்றேன், ஓசி லுங்கி கட்டிட்டு முகத்துக்கு மட்டும் அனிமே மேக்கப் போட்டு வந்த ஒருத்தர். எந்த கேரக்டர்னு கேட்டேன், "பேன்ட் கொரியர்ல மாட்டிக்கிச்சு"ன்னார். அவர தான் அன்னிக்கு நிறைய பேர் எடுத்தாங்க.

ஜனவரி 21

போய்ட்டு வந்தாச்சு. கேள்வி கேட்ட தம்பியும் வந்திருந்தார், பாத்தோம், டீ குடிச்சோம்.

எடுக்கறதுல பாதி தான் வேலை முடியுது, மீதி வீட்டுல. இத பத்தி தான் எனக்கு உண்மையாவே ஆதங்கம், லென்ஸ் எல்லாம் சும்மா. கான் முடிஞ்ச ஒரு வாரம் கழிச்சு கோஸ்ப்ளேயர்ஸ் கிட்ட பேசிப் பாருங்க, எல்லாரும் ஒரே பல்லவி தான்: எவ்ளோ பேர் எடுத்தாங்க, ஒரு படம் கூட வரல. அனுப்பறேன்னு சொல்லிட்டு போனவங்க அப்படியே போய்ட்டாங்க. சில பேர் அனுப்பாம தங்களோட பேஜ்ல மட்டும் போடுவாங்க, பெரிய வாட்டர்மார்க்கோட, வேஷம் செஞ்சவங்க பேர் இல்லாம. எடுக்கலாமான்னு அழகா கேட்ட ஆளும் இதே தான் பண்றார். அப்புறம் கேட்டதுல என்ன பிரயோஜனம்?

இது பழைய வியாதி. 1939ல நியூயார்க்ல முதல் உலக சயின்ஸ் ஃபிக்ஷன் மாநாடு நடந்தப்ப ஃபாரஸ்ட் ஆக்கர்மேன்னு ஒருத்தர் எதிர்கால உடை போட்டுட்டு போனார், கன்வென்ஷன் வேஷத்துக்கே அவர் தான் முன்னோடின்னு பேர் வாங்கிட்டார். அந்த உடைய தைச்சது கூடவே தானும் ஒண்ணு தைச்சு போட்டுட்டு வந்த மிர்ட்டில் டக்ளஸ். அந்தம்மா பேர ரொம்ப காலம் கழிச்சு தான் சொல்ல ஆரம்பிச்சாங்க.

நான் பண்றது: அன்னிக்கு ராத்திரியே ஆளுக்கு ஒரு படம், எடிட் கிடிட் பெருசா இல்லாம, ஃபோன்லயே அனுப்பிடுவேன். திருச்சி வர்றதுக்குள்ள பாதி பேருக்கு போயிருக்கும். மீதி ஒரு வாரத்துல. அவங்க சரின்னு சொல்றதுக்கு முன்னாடி நான் எங்கயும் போடறதில்ல. இத பண்ண ஆரம்பிச்சதும் எடுக்கற எண்ணிக்கை தானா குறைஞ்சுடுச்சு, முன்னாடி எல்லாம் கண்ல பட்ட எல்லாரையும், இப்ப கம்மியான பேர் தான், ஆனா ஒவ்வொருத்தர் கிட்டயும் பத்து நிமிஷம் நிக்கறேன்.

அப்புறம் கலர். இத கொஞ்சம் கோவமாவே சொல்றேன். எடிட்டிங்ல வெள்ளையாக்காதீங்க. கேரக்டர் ஜப்பான்ல வரைஞ்சது, வெளுப்பா இருக்குன்னு நம்ம ஊர் பொண்ண சுண்ணாம்பு அடிச்ச மாதிரி மாத்தி அனுப்பறாங்க. ஒரு பொண்ணு காட்டிச்சு, ஒரே நாள்ல மூணு பேர் எடுத்தது, மூணுலயும் மூணு கலர், ஒண்ணுல கூட அது இல்ல. போதாததுக்கு கமெண்ட்ல "இந்த கேரக்டர் இப்படி கருப்பா இருக்காதே"ன்னு ஒரு கூட்டம். அந்த கூட்டத்துக்கு தீனி போடற வேலைய நாம ஏன் பாக்கணும்? ஒயிட் பேலன்ஸ சரியா வைங்க, முகப்பருவ வேணா எடுங்க, விக் ஓரத்துல தெரியற நெட்ட மறைங்க, தோல தொடாதீங்க. அவங்களா கேட்டா என்ன பண்றதுன்னு ஒருத்தர் கேப்பீங்க. கேட்டிருக்காங்க. கொஞ்சம் வெளிச்சத்த ஏத்திக் குடுத்துட்டு, ஏத்தாததையும் கூடவே அனுப்பினேன். ரெண்டாவதத் தான் போட்டுக்கிட்டாங்க.

ஜனவரி 23

படம் யாருக்கு சொந்தம்னு ஒரு சண்டை கீழ ஓடுது, பாத்தேன். நான் வக்கீல் இல்ல, ஆனா 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்துல 17வது பிரிவு படிக்க கஷ்டமில்ல. சாதாரணமா எடுத்தவருக்கு சொந்தம். யாராவது காசு குடுத்து எனக்கு எடுத்துக் குடுன்னு சொல்லி எடுத்தா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல காசு குடுத்தவருக்கு சொந்தம். கான்ல ஓசில எடுத்தது போட்டோகிராஃபருக்கு, தனியா ஷூட் புக் பண்ணி காசு குடுத்தா அவங்களுக்கு. கேரக்டரே வேற கம்பெனியோடது, அதனால ப்ரிண்ட் போட்டு விக்கறதுன்னா ரெண்டு பேருக்குமே தலைவலி. நான் விக்கறதில்ல. அவங்க ப்ரிண்ட் போட்டு வீட்டுல மாட்டிக்கறதுக்கு யாரையும் கேக்க வேணாம்னு மெசேஜ்லயே எழுதிடுவேன், அப்பா அம்மா கிட்ட காட்டத் தான் நிறைய பேர் கேக்கறாங்க.

ஜனவரி 24

சென்னை கான் பிப்ரவரில. 2024ல முதல் தடவை நடந்தப்பவே நந்தம்பாக்கம் ட்ரேட் சென்டர்ல கூட்டம் பிச்சுக்கிச்சு. ஆலந்தூர் மெட்ரோல இறங்கி ஆட்டோ. நாலு மணிக்கு மேல ஹாலுக்கு வெளிய வாங்க, கட்டடத்து நிழல்ல நிக்க வச்சா சாஃப்ட்பாக்ஸ் தேவையே படாது. விக் போட்டவங்கள வெயில்ல ரொம்ப நேரம் நிறுத்தாதீங்க, உள்ள கொதிக்கும்.

பெங்களூர்ல நான் எடுத்து இன்னும் படம் வராதவங்க யாராவது இத படிச்சா, என்ன வேஷம், சனியா ஞாயிறான்னு மெசேஜ் போடுங்க. பச்சை விக், ரெண்டு கொம்பு வச்சவங்க மூணு பேர் இருக்கீங்க, கொம்பு நேரா இருந்துச்சா வளைஞ்சிருந்துச்சான்னும் சேத்து சொல்லிடுங்க.